எண்ணெய் வைத்த இருபத்திரண்டு தலைகள்

சுதாராணியின் கைக்குக் காலனியில் ஒரு பெயர் உண்டு. கொடைக்கானலிலிருந்து பூண்டி போகும் ரோட்டோரம் இருக்கும் அந்த நாற்பது வீடுகளில் எந்தப் பிள்ளைக்குப் பேன் பிடித்தாலும், படுக்கையில் கிடக்கிற யாருக்குத் தலைக்கு ஊற்ற வேண்டுமானாலும் "சுதாராணியைக் கூப்பிடு" என்பார்கள். அவள் அலசினால் கண்ணில் சீயக்காய் போகாது, பிள்ளை கத்தாது. பகலெல்லாம் கேரட் கழுவுகிற இடத்தில் விறைக்க வைக்கும் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு நிற்கிறவள். அந்தக் கை எப்படித்தான் இவ்வளவு மெத்தென்று இருக்கிறதோ என்று கிழவிகள் அதிசயப்படுவார்கள். சுதாராணிக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்க வேண்டியதுதான். நாற்பத்திரண்டு வயதுவரை ஊரார் அவளைப் பாராட்டியது அந்த ஒன்றுக்காகத்தான்.

அவளுடைய அம்மா சுப்பம்மா சிலோனில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தவள். இரண்டு நாடும் ஒப்பந்தம் போட்டுத் தோட்டத்து ஜனங்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பியபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. மரம் வெட்டும் காண்டிராக்டர் ஒருவரின் லாரியில் ஏறி இந்த மலைக்கு வந்து சேர்ந்தார்கள். அப்படி வந்தவர்களின் வீடுகள்தான் காலனி. சுதாராணி பிறந்ததே கொடைக்கானலில்தான். இருந்தும் பள்ளிக்கூடத்தில் அவள் சிலோன்காரி. கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். விடை சொல்லக் கொஞ்சம் தயங்கினால் போதும், நெற்றியில் ஒரு சுண்டு சுண்டி, "சிலோன் மண்டை. தட்டிப் பாரு, உள்ள காலி" என்பார். வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்பின் மேல் வந்த கோபத்திலேயே படித்துப் பன்னிரண்டாம் வகுப்பு தேறினாள். காலனியில் அந்தக் காலத்தில் அவ்வளவு தூரம் படித்த பெண் அவள் ஒருத்திதான்.

அந்தப் படிப்புக்கு இருபத்தைந்து வருஷம் கழித்து, போன தை மாதம், ஒரு வேலை வந்தது. சென்னையிலிருந்து டாக்டர் சுசித்ரா என்று ஒரு மூளை ஆராய்ச்சிக்காரர் வந்து கொடைக்கானலில் வீடு எடுத்துத் தங்கியிருந்தார். ஊர் ஊராகப் போய் ஆட்களின் தலையில் ஒரு தொப்பி மாட்டி, மூளையில் ஓடும் மின் அலையைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு உள்ளூர்ப் பெண் ஒருத்தி தேவை. கூட ஜீப் ஓட்டவும் கம்ப்யூட்டர் பார்க்கவும் முருகவேல் என்று திண்டுக்கல்காரப் பையன் ஒருவன். பையன் என்றால் முப்பது வயது இருக்கும்.

முதல் நாள் சுசித்ரா எதற்காக இதெல்லாம் என்று விளக்கினார்.

"மூளையைப் பத்தி இருக்கிற புஸ்தகமெல்லாம் பெரும்பாலும் நாலஞ்சு பணக்கார நாட்டு ஜனங்களைப் பாத்து எழுதினது சுதாராணி. மத்தவங்க மூளையும் அதே மாதிரிதான் வேலை செய்யுதா, இல்ல வாழ்ற வாழ்க்கைக்குத் தகுந்த மாதிரி கொஞ்சம் மாறுதான்னு யாரும் ஒழுங்கா பாக்கல. நாம பாக்கப் போறோம். டவுன் ஜனம், உங்க காலனி, பூண்டி விவசாயிங்க, கீழ காட்டுல இருக்கிற பளியர் குடி. நாலு எடம்."

"அப்ப சில பேருக்கு மூளை கம்மியாவும் இருக்குமா மேடம்?"

கேட்டுவிட்டு நெற்றியைத் தடவிக்கொண்டாள். சுசித்ரா சிரித்தார்.

"கம்மி ஜாஸ்தி பாக்கிற வேலை இல்ல இது. அந்தக் காலத்துல வெள்ளைக்காரன் ஒருத்தன் அப்படித்தான் கெளம்பினான். ஊர் ஊரா மண்டையோடு வாங்கி, உள்ள கடுகைக் கொட்டி அளந்தான். எந்த ஜனத்துக்குக் கடுகு ஜாஸ்தி பிடிக்குதுன்னு. கடைசியில அவன் ஜனத்துக்குத்தான் ஜாஸ்தி பிடிச்சுது. வேண்டப்பட்ட மண்டையில கட்டை விரலால ஒரு அமுக்கு அமுக்கியிருப்பானோன்னு இன்னிக்கு வரைக்கும் சந்தேகம் இருக்கு."

சுதாராணிக்கு அந்தக் கதை ரொம்பப் பிடித்துப்போனது. கணக்கு வாத்தியாரைக் கடுகோடு நிற்கவைத்துப் பார்த்துக்கொண்டாள். காலனிக்கு வந்து நாலு பேரிடம் சொல்லியும் சிரித்தாள்.

வேலை கஷ்டமானதல்ல. தொப்பியில் பதினாலு இடத்தில் உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சு இருக்கும். முடியை வகிர்ந்து ஒவ்வொரு பஞ்சும் தலைத்தோலில் படும்படி வைக்க வேண்டும். கையிலிருக்கும் டேப்லெட்டில் பதினாலு புள்ளி தெரியும். படவில்லை என்றால் சிவப்பு, அரைகுறையாகப் பட்டால் மஞ்சள், நன்றாகப் பட்டால் பச்சை. பதினாலும் பச்சையான பிறகு ஆள் மூன்று நிமிஷம் கண்ணை மூடி உட்கார வேண்டும், மூன்று நிமிஷம் திறந்து. சுசித்ரா திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றைத்தான். தலையில் எண்ணெய் இருக்கக் கூடாது. எண்ணெய்க்கு மேல் பஞ்சு வைத்தால் அலை சரியாக ஏறாது. மஞ்சளில் ஆரம்பித்தாலும் மெஷின் ஒத்துக்கொள்ளும், ஆனால் பதிவு உருப்படாது. எண்ணெய் இருந்தால் முதலில் அலசு.

காலனியில் அவளே அலசினாள். கொதிக்கக் கொதிக்க வெந்நீர், பெட்டி நிறைய ஷாம்பு பாக்கெட். இரண்டு நாளில் முப்பது தலை. பெரியண்ணன் மாமா வழுக்கையைத் தடவிக்கொண்டு வந்து, "எனக்கும் அலசு புள்ள, காசா பணமா" என்று உட்கார்ந்தார். அந்த வழுக்கைக்கும் ஒரு பாக்கெட் போட்டாள். எல்லாருக்கும் பதினாலும் பச்சை. சுசித்ரா, "உங்க கை மாதிரி டீம்ல யாருக்கும் இல்ல" என்றார். அன்று முழுக்க சுதாராணிக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்து ஈச்சம்பாறை. வட்டக்கானலுக்கும் கீழே, ஜீப் நிற்கிற இடத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் முக்கால் மணி நேரம் இறங்கினால் வரும். பளியர் குடி, பதினெட்டு வீடு. தேனும் கடுக்காயும் எடுப்பார்கள், சீசனில் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போவார்கள். அங்கே பத்தாவது படித்த ராஜேஸ்வரி என்ற பெண்ணிடம் போன் இருந்தது. முந்தின நாள் சுதாராணி அவளைக் கூப்பிட்டு, ஆராய்ச்சிக்காரர்கள் வருகிறார்கள், காலையில் எல்லாரும் இருக்க வேண்டும் என்று சொன்னாள். எண்ணெய் வைக்காதீர்கள் என்று சொல்லவில்லை. மறந்துவிட்டாள். அது வெறும் மறதிதான், அதற்காக அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

மறுநாள் அவள் மட்டும் இறங்கினாள். சுசித்ரா சென்னை போயிருந்தார், முருகவேல் ஜீப்போடு மேலேயே நின்றுகொண்டான். கீழே ஓடைக் கரையில், பாறை மேல் பாய் விரித்து இருபத்திரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். குளித்து, துவைத்த துணி உடுத்தி, தலையில் வழிய வழிய எண்ணெய் வைத்து, படியப் படியச் சீவி. வெளியிலிருந்து ஆபீசர் வந்தால் அங்கே அப்படித்தான். எண்ணெய் காணாத தலையோடு விருந்தாளி முன்னால் போய் நிற்பது மரியாதை இல்லை. ஒரு பாட்டிலை இரண்டு வீடு பகிர்ந்துகொண்டு வைத்திருந்தார்கள்.

"எண்ணெய் வச்சிருக்கீங்களே" என்றாள் சுதாராணி.

"வைக்கக் கூடாதா அக்கா? தெரியாமப் போச்சே" என்று ராஜேஸ்வரி கையைப் பிசைந்தாள். "ஒண்ணுமில்ல. இந்தா ஓடை இருக்கு. ஒரு அண்டா வெந்நி வச்சுத் தாரேன், நீங்க அலசி விடுங்க. அரை மணி நேரத்துச் சோலிதான்."

பையில் முப்பது ஷாம்பு பாக்கெட் இருந்தது. நேரமும் இருந்தது. சுதாராணி அந்த வரிசையைப் பார்த்தாள். அந்தத் தலைகளுக்குள் தன் விரல்கள் போவதை நினைத்தாள். உடம்பு கூசியது.

இதை மழுப்ப வழியில்லை. அழுக்கு ஒரு காரணம் இல்லை, காலனித் தலைகளைவிட அவை சுத்தம். "காட்டுச் சனம்" என்று அவள் வீட்டில் சொல்லும்போது ஒரு குரல் வரும், மூக்கைச் சுளிக்காமலே சுளிக்கிற குரல். அதைக் கேட்டே வளர்ந்தவள். இந்த மலையில் தங்களுக்குக் கீழே யாராவது இருக்க வேண்டும் என்று காலனிக்கு ஒரு தேவை இருந்தது. பேன் பிடித்த தலை, சொறி பிடித்த தலை, பெரியண்ணன் மாமாவின் வழுக்கை எல்லாம் தொட்ட கை இங்கே வந்து பின்வாங்கியது.

"வேணாம் வேணாம். மெஷின் எடுத்துக்கிரும்" என்றாள்.

அதோடு விட்டாளா? பையில் ரப்பர் கையுறைப் பெட்டி ஒன்று இருந்தது. அதுவரை எந்த ஊரிலும் பிரிக்காத பெட்டி. அதைப் பிரித்து மாட்டிக்கொண்டாள். ராஜேஸ்வரி பார்த்துவிட்டு, "கையில என்ன அக்கா, புண்ணா?" என்று கேட்டாள்.

"ஆமா. கேரட் கழுவிக் கழுவிப் புண்ணு."

முதலில் உட்கார்ந்தவள் ஒய்யம்மாள். ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவள். பதினாலு புள்ளியில் நாலு சிவப்பு, பத்து மஞ்சள். சுதாராணி அழுத்தினாள், நகர்த்தினாள். எல்லாம் மஞ்சளானதும், "தொடங்கு" என்பதைத் தொட்டாள். மெஷின் ஒத்துக்கொண்டது. இப்படியே இருபத்திரண்டு பேர். ஒரு பச்சை இல்லை. மத்தியானம் கிளம்பும்போது ஒய்யம்மாள் ஒரு இலையில் ஏதோ பச்சிலையை அரைத்து மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

"புண்ணுன்னியே. கையைக் காட்டு, போட்டு விடுறேன்."

"வீட்ல போய்ப் போட்டுக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டு வேகமாக ஏறினாள். பாதி வழியில் அதைப் புதருக்குள் போட்டாள். புண் இல்லாத கைக்கு மருந்து எதற்கு.

ஒரு மாதம் கழித்து, கேரட் வேலை முடிந்து நல்லுசாமியின் டீக்கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது முருகவேல் வந்தான். பெரிய சேதி கொண்டுவந்தவனைப் போல போனை நீட்டினான். நாலு கலரில் நாலு கட்டம். டவுன், பூண்டி, காலனி மூன்றும் ஏறத்தாழ ஒரே உயரம். காலனி ஒரு மயிரிழை கூடவே இருந்தது. நாலாவது கட்டம் தரையோடு தரையாகக் கிடந்தது.

"ஈச்சம்பாறை அக்கா. அலை அப்படியே அமுங்கிப் போய்க் கெடக்கு. உலகத்துல எங்கயும் இப்படிப் பாத்ததில்லயாம். அடுத்த வாரம் டில்லி மீட்டிங்ல மேடம் காட்டப் போறாங்க."

நல்லுசாமி எட்டிப் பார்த்தார். "காட்டுச் சனத்துக்கு மூளை அம்புட்டுத்தான்னு மெஷினே சொல்லிருச்சா? நாங்க எப்பவோ சொன்னோம்ல."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கொடுமை என்னவென்றால் சுதாராணியும் சிரித்தாள். பழக்கத்தில் வந்த சிரிப்பு. வந்த பிறகுதான் அது எந்தச் சிரிப்பு என்று அவளுக்குத் தெரிந்தது. ஆறாம் வகுப்பில் அவள் தலைக்கு மேல் கேட்ட அதே சிரிப்பு. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நடந்தாள்.

இரண்டு நாள் அந்த நாலாவது கட்டம் கண்ணை விட்டுப் போகவில்லை. புருஷன் பாலகுமாரிடம் பாதியைச் சொன்னாள். "படிச்சவங்க பாத்துக்கிருவாங்க. நீ ஏன் போட்டுக் கொழப்புற" என்று அவன் சாப்பாட்டைத் தொடர்ந்தான். படித்தவர்கள் பார்த்தது அவள் கொடுத்ததைத்தானே. அந்தக் கட்டம் டில்லிக்குப் போகும், புத்தகத்தில் ஏறும். ஏதோ ஒரு வாத்தியார் ஈச்சம்பாறைப் பிள்ளையின் நெற்றியில் சுண்டுவதற்கு அதுவே ஆதாரம் ஆகும். கடுகை அமுக்கிய வெள்ளைக்காரனை நினைத்தாள். அவனாவது யாருக்கும் தெரியாமல் அமுக்கினானோ என்னவோ. இவள் கையுறை போட்டுக்கொண்டு, எல்லார் கண் முன்னாலும் செய்தாள்.

மூன்றாம் நாள் கேரட் கழுவும் இடத்திலிருந்தே சுசித்ராவைக் கூப்பிட்டாள். "மேடம், ஈச்சம்பாறையில எல்லார் தலையிலயும் எண்ணெய் இருந்துச்சு. நான் அலசாமயே வச்சுட்டேன். எல்லாமே மஞ்சள்தான்."



"நல்லவேளை சொன்னீங்க" என்றார் சுசித்ரா. "எனக்கும் உறுத்திக்கிட்டேதான் இருந்தது. இவ்வளவு பெரிய வித்தியாசம் வந்தா முதல்ல நம்மளத்தான் சந்தேகப்படணும். புதுசா ஒண்ணு கெடச்ச ஆசைல நான் அதைச் செய்யாம விட்டுட்டேன். டில்லில இதைக் காட்ட மாட்டேன், திரும்ப எடுத்துருவோம். ஆனா நீங்க இப்படிச் செய்ய மாட்டீங்களே. ஏன் அலசல?"

கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. பதில் தொண்டை வரை வந்துவிட்டது. கூடவே, "உங்க கை மாதிரி யாருக்கும் இல்ல" என்று சொன்ன அந்தக் குரலும் வந்தது.

"தண்ணி இல்ல மேடம்."

"ஐயோ பாவம். குடிக்கிறதுக்காவது இருந்ததா? சரி, இந்தத் தடவை நாமளே கொண்டு போயிரலாம்."

சுசித்ரா சொன்னதைச் செய்கிறவர். பத்து நாள் கழித்து ஜீப்பில் நாலு கேன் தண்ணீர் ஏறியது, அவரும் கூட வந்தார். ஒற்றையடிப் பாதையில் முருகவேல் தலையில் ஒரு கேன், கூலிக்குப் பிடித்த இரண்டு ஆட்கள் தலையில் இரண்டு. நாலாவதை நான் தூக்குவேன் என்று சுதாராணி பிடிவாதமாக வாங்கிக்கொண்டாள். இருபது லிட்டர். பிடரி கடுத்தது. கடுக்கட்டும் என்றிருந்தது. போனதும் முதல் காரியமாக இருபத்திரண்டு தலையையும் வெறுங்கையால் அலசிவிட வேண்டும், வாயால் எதையும் சொல்லாமலே கணக்குத் தீர்ந்துவிடும் என்று வழியெல்லாம் எண்ணிக்கொண்டு வந்தாள்.

கடைசித் திருப்பத்தில் ஓடைச் சத்தம் கேட்டது. முருகவேல் நின்று காதைக் கொடுத்தான். பிறகு தலையிலிருந்த கேனைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டு நடந்தான்.

பாறை மேல் அதே பாய். அதே இருபத்திரண்டு பேர். எல்லார் தலையும் ஈரம். முடி விரிந்து தோளில் ஒட்டிக்கொண்டிருக்க, வெயில் இன்னும் இறங்காத அந்தக் காலையில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடுங்கியபடி உட்கார்ந்திருந்தார்கள். எண்ணெய் ஒரு பொட்டு இல்லை. நேற்று போனில் சுதாராணி சொன்னது, "எண்ணெய் வைக்காதீங்க, நான் வந்து அலசி விடுறேன்" என்பது மட்டும்தான்.

"வெள்ளனே எந்திரிச்சு நாங்களே அலசிட்டோம் மேடம்" என்றாள் ராஜேஸ்வரி. சுதாராணியைப் பார்க்காமல் சொன்னாள். "சீயக்கா போட்டு ரெண்டு வாட்டி. ஒங்களுக்கு எதுக்குச் செரமம்."

சுசித்ரா ஓடையைப் பார்த்தார். முழங்கால் அளவுக்குத் தண்ணீர், கண்ணாடியாக, பத்தடி தள்ளி ஓடிக்கொண்டிருந்தது. வரிசையாக இறக்கிவைத்த நாலு கேனையும் பார்த்தார்.

"ஓடை இருக்கே. போன தடவை தண்ணி இல்லன்னு சொன்னாங்களே?"

கேனைச் சுற்றி நின்ற கூலியாட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுதாராணிக்குக் காது மடல் எரிந்தது. அந்த இடத்திலேயே பாறை பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது. அப்போது ராஜேஸ்வரிதான் வாயைத் திறந்தாள்.

"ஆமாங்க மேடம். அன்னிக்கு மேல மழை. தண்ணி கலங்கிக் கெடந்துச்சு. தலைக்கு ஊத்துற மாதிரி இல்ல."

தை மாதத்தில் ஏது மழை. தன்னைத் தொட மறுத்தவளுக்காக அந்தப் பெண் பொய் சொன்னாள். சுதாராணி தப்பித்துவிட்டாள். பேசாமல் நின்றால் போதும், தொப்பியை எடுத்து வேலையை ஆரம்பிக்கலாம். சுசித்ராவும் சரி என்று தலையாட்டிவிட்டு டேப்லெட்டைத் திறந்தார். அவள் மானத்தை ராஜேஸ்வரி காப்பாற்றிக் கையில் கொடுத்துவிட்டாள். அதைத்தான் சுதாராணியால் தாங்க முடியவில்லை.

"மழை இல்ல மேடம்."

சுசித்ரா நிமிர்ந்தார்.

"தண்ணி நல்லாத்தான் ஓடுச்சு. வெந்நி வச்சுத் தாரேன்னு இந்தப் பொண்ணு கேட்டுச்சு. நான்தான் வேணாம்னேன். இவங்க தலையைத் தொடக் கூசுச்சு எனக்கு. கையில புண்ணுன்னு சொல்லி உறை மாட்டிக்கிட்டேன். புண்ணெல்லாம் இல்ல."

சுசித்ராவின் முகம் மாறியதை அவள் பார்த்தாள். கோபமாக இருந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் டேப்லெட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். முருகவேல் வேறு எங்கோ பார்த்தான். ராஜேஸ்வரியின் கண்ணில் நீர் முட்டியது. இத்தனை பேர் முன்னால் இதை ஏன் சொன்னாய் என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. தெரிந்ததையே வாய்விட்டுச் சொல்லும்போது அது இன்னொரு முறை அவர்கள் மேல்தான் விழுகிறது என்பது சுதாராணிக்கு அந்த நிமிஷம் வரை தோன்றவில்லை. அந்த வெட்கத்துக்கு மேல் இந்த வெட்கமும் வந்து சேர்ந்தது.

ஒய்யம்மாள் பாயிலிருந்து எழுந்து வந்து, தொப்பிக்கு முன்னால் போட்டிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கே தெரியும் தாயி" என்றாள். "அதான் நாங்களே அலசிக்கிட்டோம். வெரசா மாட்டு, குளுருது."

சுதாராணி அந்த ஈரத் தலையில் கையை வைத்தாள். முடியை வகிர்ந்தாள். விரல்கள் நடுங்கியதில் முதல் பஞ்சு நழுவியது, இரண்டாவதும் நழுவியது.

"ஒனக்கும் குளுருதா?"

"இல்லக்கா. வெக்கமா இருக்கு."

ஒய்யம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணை மூடி, பதிவுக்குத் தயாராக முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

"இருக்கட்டும்" என்றாள்.